கோடு ஒட்டிய கார்

அந்தக் காரின் இடது பக்கத்தில் என்ன இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி மறைக்கிற வேலையை இளங்குமரன் வேண்டிய மட்டும் செய்துவிட்டான். நானும் கூடச் சேர்ந்து செய்ய ஒன்றுமில்லை.

போன வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில், பல்லடத்திலிருந்து சோமனூர் போகிற ரோட்டில், கோழிப்பண்ணை வளைவில், அவனுடைய வெள்ளைக் கார் ஒரு சைக்கிளை உரசித் தள்ளியது. சைக்கிளில் போனவர் கன்னையன். பனியன் ஷெட்டுகளில் மிச்சமாகும் வெட்டுத் துணியை மூட்டை கட்டி எடுத்துப்போய் வேஸ்ட் வியாபாரியிடம் போடுகிறவர். அன்றைக்கு அவர் கேரியரில் இருந்த மூட்டையே இளங்குமரனின் ஷெட்டில் கட்டியதுதான். மூட்டையோடு பள்ளத்தில் விழுந்தவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கார் கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. பின்விளக்கு சிவப்பாக எரிந்ததைப் பார்த்து, இறங்கி வருவார்கள் என்று கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார் கன்னையன். விளக்கு அணைந்தது, கார் போய்விட்டது.

இளங்குமரனை நான் இத்தனை நாளும் ‘அவர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது அந்த மரியாதை வாயில் வரமாட்டேன் என்கிறது. விட்டுவிடுகிறேன்.

என் மளிகைக் கடை அவன் ஷெட்டுக்கு நேர் எதிரே. நடுவில் வேன் ஒன்று சிரமப்பட்டுத் திரும்புகிற அளவுக்கு ஒரு சந்து. ஷெட்டில் தையல் மெஷின்கள் ஓடினால் என் கடையில் பருப்பு டப்பாக்கள் நடுங்கும். பெரிய கம்பெனிகள் அனுப்புகிற துணியை வெட்டி, தைத்து, பிசிறு எடுத்து, சோதித்து, மடித்துக் கொடுக்கிற வேலை. ஷெட்டோடு ஒட்டினாற்போல் வீடு. வீட்டு முன்னால் தகரம் போட்ட இடத்தில் கார். அங்கே பேசுகிறது எனக்குக் கேட்கும். இங்கே தராசு வைக்கிறது அவர்களுக்குக் கேட்கும்.

கன்னையனின் பெண்டாட்டி காளியாத்தாள் அதே ஷெட்டில்தான் வேலை. வாசல் ஓரம் ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, தைத்து வந்த பீஸ்களில் தொங்குகிற நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கிப் போடுவாள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை சரக்கு போக வேண்டுமாம். வரச் சொன்னது இளங்குமரன்தான்.

அன்றைக்குக் காலையில் கடையைத் திறந்ததும் காளியாத்தாள்தான் முதலில் வந்தாள். வெற்றிலை பாக்கு.

“எப்படி இருக்கறாரு கன்னையன்?” என்றேன்.

“இருக்கறாருங்க. ஆப்பரேசன் பண்ணி ராடு வெக்கோணுமுங்களாமா. ஸ்டேசன்ல போயி நின்னா, வண்டி நெம்பரு என்னன்னு கேக்கறாங்க. நெம்பரக் கண்டமா? வெள்ளக் காருன்னுதான் தெரியும். இந்த ஊருல எவன்தான் வெள்ளக் காரு வெச்சிருக்கலீங்க, சொல்லுங்க?”

“எந்த வண்டின்னு தெரிஞ்சா இன்சூரன்சுலயாவது ஏதாச்சும் ஆகும்.”

“அதத்தானுங்க வக்கீலு வீட்டுப் புள்ளையும் சொல்லுச்சு. தெரிஞ்சாத்தானுங்க?” வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். “நின்னுருக்கறானுங்க. நின்னு பாத்துப்போட்டுப் போயிருக்கறான். அதத்தான் அவரு திருப்பித் திருப்பிச் சொல்லீட்டுக் கெடக்கறாரு. இடிச்சதுக்கூட வெசனமில்லீங்க அவருக்கு.”

அவள் போன கொஞ்ச நேரத்தில் இளங்குமரன் வந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, நெற்றியில் விபூதி.

“ரெண்டு ஷாம்பு பாக்கெட் குடுங்கண்ணா.”

“தலைக்கா?”

“காருக்குங்க. ராஜவேலு வர்றான், கோடு ஒட்டறோம். சைடுல கருப்புல பட்டையா ஒரு கோடு, அதுக்கு மேல சிவப்புல ஒண்ணு. சோப்புத் தண்ணி அடிச்சுத்தான் ஒட்டோணுமாமா. இப்பெல்லாம் புது வண்டியே அப்படித்தானுங்க வருது.”

ராஜவேல் அவன் மைத்துனன், பெண்டாட்டி அனுப்ரியாவின் தம்பி. திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கிற யூனிட்டில் வேலை. ஓய்வு நேரத்தில் பைக்குக்கும் காருக்கும் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுப்பான். நல்ல பையன், வாய் ஓயாது. வினைல் ரோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கினான். எதற்காக ஒட்டுகிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது. அக்கா புருஷன் கேட்டார், வந்தான்.

“மொதல்ல வண்டி சுத்தமா இருக்கோணும் மாமா,” என்றான். “ஒரு தூசி அடியில மாட்டுனாலும் முண்டு தெரியும். வெள்ளைல தெரியாது, இந்தக் கருப்புல பட்டவர்த்தனமாத் தெரியும்.”

இளங்குமரன் சுற்றும் முற்றும் பார்த்தான். அப்புறம் செய்தான் பாருங்கள் ஒரு காரியம். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

“ஏனுங்க காளியாத்தாக்கா, சித்த அந்தக் கத்திரிய வெச்சுட்டு வாங்க. இந்த வண்டியத் தொடச்சுக் குடுங்க.”

காளியாத்தாள் எழுந்து வந்தாள். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போர்வெல் குழாய்க்குப் போனாள்.

“அதுல வேண்டாங்க்கா! உப்புத் தண்ணி, காஞ்சா வெள்ளை வெள்ளையாப் பூத்துக்கும். அந்தக் கேன் தண்ணிய ஊத்துங்க.”

“குடிக்கற தண்ணீங்களா?”

“ஆமா, காருக்குன்னுதான் ஒரு கேன் சேத்து வாங்கினேன்.”

“நல்லா இருக்குது போங்க. எங்க ஊட்டுல கொழம்பு வெக்கறதே இந்த உப்புலதான்,” என்று சிரித்துக்கொண்டே கேனைச் சாய்த்தாள்.

பழைய பனியன் துணியை நனைத்து முன் கதவிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். இடது பக்கம் வந்ததும் கை நின்றது. முன் கதவில் தொடங்கிப் பின் கதவு வரைக்கும் கீறல். அதில் பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் ஈஷியிருந்தது.

“இங்க கீறியிருக்குதுங்களே.”

“கேட்டுல ஒரசிருச்சுங்க்கா.”

இளங்குமரன் வீட்டுக் கேட் சாம்பல் நிறம். காளியாத்தாளுக்கு அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மனுஷன் சொன்னால் நம்புகிறோம். துணியை நன்றாகச் சுருட்டி, அழுத்தி, அந்தப் பச்சையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். பக்கத்தில் நின்று, “அங்க இன்னுங் கொஞ்சம்... ஆ, அக்கட்ட,” என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான் இளங்குமரன்.

பச்சைச் சைக்கிள் கன்னையனுடையது. அவளே கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பார்க்கிற சைக்கிள்.

துடைத்து முடித்துவிட்டு அவள் மணைப்பலகைக்குத் திரும்பிப் போனாள். ராஜவேல் கதவுகளின் குறுக்கே நூல் கட்டி, மட்டம் பார்த்து, டேப் ஒட்டினான். வினைலின் முதுகுக் காகிதத்தை உரித்து, இரண்டு பக்கமும் சோப்புத் தண்ணீரைப் பீச்சினான். இளங்குமரன் ஒரு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்தான்.

“மாமா, மாமா, இழுக்காதீங்க! இது இழுத்தா நீளற ரிப் துணியில்லைங்க. இழுத்து ஒட்டுனா வெயில்ல சுருங்கி முனை எந்திரிச்சுக்கும். சும்மா மேல படுக்க வெய்யுங்க.”

“சரி மாப்ள, சரி. கீறல் வெளிய தெரியாதில்ல?”

“எதுக்கு மாமா இந்தக் கீறலுக்கு இவ்வளவு பயப்படறீங்க? பெயிண்டர்கிட்ட விட்டா ஒரே நாள்ல சரி பண்ணிக் குடுத்துருவான்.”

“பெயிண்டருகிட்டயெல்லாம் போவ முடியாது. நீ ஒட்டு.”

பழைய ஏ.டி.எம். கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனான் ராஜவேல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தகரம் சூடேறி டக் டக் என்று சத்தம் போட்டது. உள்ளேயிருந்து ஆட்டுக்கறி வேகிற வாசம் சந்து முழுக்க வந்தது. வேலை சுத்தமான வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கருப்புப் பட்டை பளபளவென்று கதவோடு கதவாகப் படிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கேள்வி வரும் என்று வலது பக்கத்துக்கும் வெட்டி வைத்திருந்தார்கள். எவ்வளவு யோசனை பாருங்கள். இந்த யோசனையில் பாதி அந்த வளைவில் வந்திருந்தால் போதும்.

மத்தியானம் காளியாத்தாள், பொழுதுக்குள் வேலைக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கூடையை எடுத்தாள். இளங்குமரன் உள்ளே போய் ஒரு தூக்குப்போசியோடு வந்தான்.

“கறிக்கொழம்புங்க. கன்னையண்ணனுக்குக் குடுங்க. நல்லெலும்பாப் பாத்துப் போடச் சொன்னேன். எலும்பு கூடறதுக்கு நல்லது.”

காளியாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்க மனசு ஆருக்குங்க வரும்? நீங்க நல்லா இருக்கோணும் சாமி,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டான். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டான். அந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் இருந்த கடைசிச் சொட்டும் வற்றியது, ஆனால் அதைப் பின்னால்தான் உணர்ந்தேன். அன்றைக்கு, பரவாயில்லை, நல்ல முதலாளி என்றுதான் நினைத்தேன். த்தூ.

அவள் போனபின் அனுப்ரியா வெளியே வந்தாள். அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஷெட்டில் செக்கிங் அவள் பொறுப்பு. மேஜையில் பீஸை விரித்து, கண்ணால் பார்க்கிறதைவிட உள்ளங்கையால் அதிகம் பார்ப்பாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். எல்லா ஷெட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அனுப்ரியாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒட்டின அம்பைத் தையல்காரன் குறையைச் சரிசெய்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். சரிசெய்யாமல் அம்பை மட்டும் உரித்துவிட்டுப் பீஸைத் தள்ளினவனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறாள். புருஷன் சொல்லியும் கேட்டதில்லை.

“எப்படிக்கா இருக்குது?” என்றான் ராஜவேல், வலது பக்கத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டே.

“நல்லாத்தான் இருக்குது.” ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இடது பக்கக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து நடந்தாள். அவளுக்கு அது பழக்கம், அவ்வளவுதான். பின் கதவுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றாள். “ராஜு, இங்க முண்டு இருக்குது.”

“காத்தா இருக்குங்க்கா. ஊசியில குத்துனா போயிரும்.”

“காத்தில்லை. நூலு.”

“உட்டுத்தள்ளு புள்ள,” என்றான் இளங்குமரன். “ஆரு கண்ணுக்குத் தெரியப் போவுது?”

“என்ற கண்ணுக்குத் தெரியுதுங்களே.” இடுப்பில் செருகியிருந்த நூல் கத்தரியின் நுனியால் பட்டையின் ஓரத்தைத் தூக்கினாள். இன்னும் ஈரம் காயாததால் சுலபமாக வந்தது. உள்ளே விரலை விட்டு எதையோ இழுத்தாள். விரல் நீள மஞ்சள் ரிப் துணிப் பிசிறு. கைப்பிடி இடுக்கில் சிக்கியிருந்தது, துடைத்தபோது வெளியே வந்து கோட்டுக்கு அடியில் மாட்டியிருக்கிறது.

அனுப்ரியா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

“இது நம்ம மஞ்சக் காலரு ரிப்பு. வியாழக்கெழமைதான் அந்த லாட் வெட்டுச்சு. வேஸ்ட அன்னைக்குப் பொழுதோட கன்னையண்ணன் கொண்டு போனாங்க.”

ராஜவேல் டேப்பை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தான்.

“மூட்டை கட்டறப்ப ஓரம் கிழிஞ்சு துணி வெளிய தொங்குச்சு. நானே சொன்னேன், போற வழிக்கெல்லாம் சிந்தீட்டுப் போவாதீங்கன்னு.” அவள் உரித்த இடத்தைப் பார்த்தாள். கீறலைப் பார்த்தாள். “கேட்டுலதானுங்க ஒரசுச்சு?”

“அனு, உள்ள வா. பேசிக்கலாம்.”

“இங்கயே சொல்லுங்க.”

“சத்தம் போடாத. கடைக்காரண்ணன் பாக்கறாரு.”

“பாக்கட்டும். நீங்க நின்னீங்களா இல்லியா?”

இளங்குமரன் தோளைக் குலுக்கினான். “நின்னேன் புள்ள. நிக்காமயா? கண்ணாடியில பாத்தேன். கையத் தூக்குனாரு. செரி, உசிரு இருக்குது, ஒண்ணுமாகலைன்னு...”

“கன்னையண்ணன்னு தெரிஞ்சுதுங்களா?”

“சைக்கிளத் தெரியாதா?”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம் என்று ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். எரிச்சல்தான் வந்தது, கரண்ட் போனால் வருகிற மாதிரி எரிச்சல்.

“இப்ப என்ன பண்ணச் சொல்ற? ஸ்டேசன், கோர்ட்டுன்னு அலையறதா? வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்க. கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சா ஆர்டர் குடுப்பானா? இத்தன பேரு இந்த ஷெட்ட நம்பி இருக்கறாங்க. அவருக்கு என்ன, நான் உட்டுருவனா? கறி குடுத்து உட்டனில்ல. நாளைக்கு எதாச்சும் கையில குடுத்துட்டாப் போச்சு.”

“அவங்கள வெச்சே தொடைக்கச் சொன்னீங்க.”

“வேற ஆரு இருந்தா?”

அனுப்ரியா புறங்கையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஒமட்டுதுங்க எனக்கு. நெசமா ஒமட்டுது. நானும் அந்தக் கொழம்ப வெச்சு, எலும்பு பொறுக்கிப் போட்டு...” ராஜவேல் வினைல் ரோலைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாமா,” என்றான் அவன். “நான் வந்துருக்கவே மாட்டேன்.”

“அதுக்குத்தான் சொல்லல.”

அனுப்ரியா ஷெட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் அம்பு ஸ்டிக்கர் ரோல். காரின் முன் கதவில் கீறல் தொடங்குகிற இடத்தில் முதல் அம்பை ஒட்டினாள், கருப்புக் கோட்டுக்கு மேலேயே. அதற்குப் பக்கத்தில் அடுத்தது. கட்டை விரலால் அழுத்தி அழுத்தி, பீஸுக்கு ஒட்டுகிற அதே நிதானத்தோடு, பின் கதவு வரைக்கும் ஒட்டிக்கொண்டு போனாள். எல்லா அம்பும் கீழே, கோட்டின் அடியைக் காட்டின.

“கிறுக்குப் புடிச்சுதா உனக்கு?” இளங்குமரன் ஒன்றைச் சுரண்டி எடுத்தான்.

அவள் அதே இடத்தில் வேறொன்றை ஒட்டினாள்.

“எடு அதை. காளியாத்தாக்கா வர்ற நேரம்.”

“என்ற வாயில அவங்ககிட்டச் சொல்ல எனக்குத் தெம்பில்லீங்க. அதுக்குத்தான் ஒட்டறேன். எடுக்கறதுன்னா சரி பண்ணிப்போட்டு எடுங்க. சும்மா உரிச்சீங்கன்னா மறுக்கா ஒட்டுவேன். ரோலு முச்சூடும் இருக்குது.”

“உன்ற புருசன் ஜெயிலுக்குப் போனாத் தேவலையா?”

அவள் ரோலிலிருந்து இன்னொரு அம்பை உரித்தாள். ராஜவேல் அக்காவுக்கும் மாமனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான், காருக்கு முதுகைக் கொடுத்து. அதற்கப்புறம் இளங்குமரன் கையை நீட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

காளியாத்தாள் வெயில் தாழ்ந்த பிறகு வந்தாள். தூக்குப்போசியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“அம்மிணி, அவரு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருங்க. இந்த நாலு நாள்ல இன்னைக்குத்தான் வாய்க்கு ருசியாச் சாப்பிட்டேன்னாரு. ஓனருகிட்டச் சொல்லச் சொன்னாரு.” சொல்லிக்கொண்டே வந்தவள் காரைப் பார்த்தாள். சிரித்தாள். “இதென்னுங்க, காருக்குமா செக்கிங் பண்றீங்க?”

ராஜவேல் விலகி நின்றான். பிசிறு வெட்டுகிறவளுக்கு அம்பு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காளியாத்தாள் கூடையை இறக்கி வைத்தாள். அம்பு காட்டுகிற இடத்தில் விரலை வைத்துக் கோட்டின்மேல் தடவிக்கொண்டே போனாள். உரித்து விட்டிருந்த ஓரத்துக்கு வந்ததும், குனிந்து உள்ளே பார்த்தாள். கடைசியில் அனுப்ரியாவின் உள்ளங்கையிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள்.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“மூட்டைய நாந்தானுங்க கட்டுனேன்,” என்றாள் மெதுவாக. “ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. சணல் பத்தலை.”

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் கடையிலிருந்து எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கையிலதானுங்க தொடச்சேன் அம்மிணி. பச்சையாத் தெரிஞ்சுது, அழுத்தித் தொடச்சேன். இதுலயே கும்புடும் போட்டேன்.”

“அக்கா...” என்றாள் அனுப்ரியா.

காளியாத்தாள் போர்வெல் குழாய்ப் பக்கம் நாலு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து, காருக்கு என்று வாங்கி வைத்திருந்த கேனைத் தூக்கினாள். மீதி இருந்த ஷாம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றித் தேய்த்தாள், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தாள். கேன் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை அந்தக் கைமேல் சாய்த்தாள். கையை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, சேலையில் துடைக்காமல் உதறினாள். தூக்குப்போசியை வாசல்படியில் வைத்தாள். மஞ்சள் துணியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அம்ப எடுக்க உட்றாதீங்க அம்மிணி. ஸ்டேசன்ல இருந்து ஆளக் கூட்டியாறேன். அவங்க வந்து பாக்கட்டும்.”

சந்து முனை திரும்பும் வரைக்கும் அவள் அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே போனாள். அனுப்ரியா வாசலில் கிடந்த மணைப்பலகையை எடுத்துவந்து, காரின் இடது பக்கத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.